பந்த் நாளில் கரண்டு

கழுத்தைப் பிடித்து நெரிக்க வேண்டும் என்று கார்குழலி சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்த ஆள், ஒரு திங்கட்கிழமை காலையில் தானாகவே வந்து அவள் முன்னால் மல்லாந்து படுத்தார். சொன்னபடி கழுத்தை அண்ணாந்து காட்டவும் செய்தார்.

புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரியின் கதிர்வீச்சுப் பிரிவில் அவளுக்கு வேலை. புற்றுநோய்க்காரர்களுக்குக் கதிர் கொடுக்கும் மெஷினை அவளும் வினோத்குமாரும்தான் இயக்குகிறார்கள். வருகிறவர்கள் யாரும் அதைக் கதிர்வீச்சு என்று சொல்வதில்லை. ‘கரண்டு வைக்கிறது’ என்பார்கள். உள்ளே கரண்டும் கிடையாது, ஷாக்கும் அடிக்காது என்று ஆரம்பத்தில் எல்லோருக்கும் விளக்கிப் பார்த்தாள். பிறகு அவளும் கரண்டு என்றே சொல்லப் பழகிவிட்டாள்.

படுத்திருந்தவர் ராஜவேல். அரியாங்குப்பம் ஆட்டோ சங்கத்துத் தலைவர். அதற்கு முன்னால், மில் ஓடிய காலத்தில், மில் சங்கத்துத் தலைவர். மைக் இல்லாமலே மில் கேட்டிலிருந்து கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் தொண்டை அவருக்கு. அந்தத் தொண்டையில், குரல் நாணின் மேல், ஒரு சின்னக் கட்டி. நல்லவேளையாக ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். நாள் தவறாமல் கரண்டு வைத்தால் கட்டி கரையும், குரலும் பிழைக்கும். தவறினால் கட்டி திரும்பி வரும். அப்போது குரல்வளையையே எடுத்துவிட்டுக் கழுத்தில் மூச்சுக்கு ஓட்டை போட வேண்டியிருக்கும். டாக்டர் பாக்கியலட்சுமி இதை அவரிடம் அப்படியே சொல்லியிருந்தார். அந்த அம்மாவுக்குச் சுற்றி வளைக்கிற பழக்கம் இல்லை.

முதல் நாள் வேலை முகமூடி செய்வது. வெள்ளை பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெந்நீர்த் தொட்டியில் போட்டால் சுடச்சுடப் பிழிந்த இடியாப்பம் போலத் துவண்டுவிடும். அதை எடுத்து, ஈரம் துடைத்து, படுத்திருப்பவரின் முகத்திலிருந்து தோள்வரை இழுத்துப் படிய வைக்க வேண்டும். இழுக்கும்போது அதன் துளைகள் வலைபோல் விரியும், ஆறும்போது அவர் முகத்தின் வடிவிலேயே இறுகிவிடும். அதன் ஓரங்களைக் கிளிப் போட்டு மேஜையோடு பூட்டிவிட்டால் தலை மயிரிழையும் அசையாது. கதிர் தினமும் அதே புள்ளியில்தான் விழ வேண்டும், அதற்குத்தான் இந்தப் பூட்டு. கார்குழலி தகட்டை அவர் தாடையோரம் அழுத்திப் படிய வைத்தாள். கொஞ்சம் அதிகமாகவே அழுத்தினாள்.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. தெரியவும் நியாயமில்லை. அவர் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது அவள் நாலாம் வகுப்பு.

அப்போது மில்லில் பெரிய வேலைநிறுத்தம். கார்குழலியின் அப்பா கோவிந்தசாமி தறி ஓட்டுகிறவர். அம்மா படுத்த படுக்கை. “எனக்கு மட்டும் ஒரு விலக்கு குடுங்க, அவளுக்கு மருந்து வாங்கணும்” என்று அப்பா தலைவர் வீட்டு வாசலில் போய் நின்றார். “ஒருத்தனுக்குக் குடுத்தா ஊருக்கே குடுக்கணும்” என்று ராஜவேல் கதவைச் சாத்தினார். அப்பா பின்கேட் வழியாக வேலைக்குப் போனார். மறுநாள் அவர்கள் வீட்டுச் சுவரில் தாரால் ‘கருங்காலி’ என்று எழுதியிருந்தது. வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனுக்குத் தொழிற்சங்கத்தில் அதுதான் பெயர். அதே மழைக்காலத்தில் அம்மா செத்தாள். பாடை தூக்கத் தெருவில் ஒருத்தரும் வரவில்லை, கடலூரிலிருந்து மாமன்மார் வந்து தூக்கினார்கள். எதிர்ச்சாரியில் ராஜவேல் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்த நிற்பை அவள் இன்றைக்கும் கண்ணை மூடினால் வரைந்து காட்டுவாள்.

மூன்றாம் நாள் அவரே கேட்டார், மேஜையில் படுத்தபடியே. “உன் சாடைய எங்கியோ பாத்திருக்கேன். யாரு பொண்ணும்மா நீ?”

கார்குழலி முகமூடியை எடுத்து அவர் முகத்தில் பொருத்தினாள். ஒவ்வொரு கிளிப்பாக அழுத்திப் பூட்டினாள். உதட்டைக்கூட அசைக்க முடியாது என்று ஆன பிறகு, காதருகே குனிந்து சொன்னாள்:

“கோவிந்தசாமி பொண்ணு. தறி கோவிந்தசாமி.”

சொல்லிவிட்டு வெளியே வந்து கனத்த கதவை மூடினாள். கேமராவில் பார்த்தபோது ராஜவேலின் கால் விரல்கள் மடங்கி இறுகியிருந்தன.

வெளியே வந்ததும் அவர் நேராக டாக்டர் அறைக்குப் போனார். “அந்தப் பொண்ணு எனக்கு வாணாம். வேற ஆளு போடுங்க.”

“இருக்கறது ஒரு மெஷின், ரெண்டு பேரு” என்றார் டாக்டர் பாக்கியலட்சுமி. “அவ பேஷண்ட் மேல கைய வச்சா ஒரு மில்லிமீட்டர் தப்பாது. அது உங்களுக்கு வேணாமா?”

அவருக்கு அது வேண்டும். அதனால் தினமும் வந்தார். பச்சைத் துண்டைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு, மனைவி அமுதவல்லியைக் கூட்டிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். துண்டு கட்சி வழக்கம் என்று ஊர் நினைத்தது. கரண்டு பட்ட தோல் கறுக்க ஆரம்பித்திருந்ததுதான் காரணம். ஆட்டோ சங்கத்தில் யாருக்கும் அவர் வியாதியைச் சொல்லவில்லை. மீட்டிங்கில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது என்று சொல்லி வைத்திருந்தார். தொண்டை போனால் தலைமை போகும். உதவித் தலைவர் பக்கிரி அதற்குத்தான் காத்துக்கொண்டிருந்தான்.

“மொத்தத்தையும் ஒரே நாள்ல வச்சு முடிச்சுவுட்டா இன்னா?” என்று ஒருநாள் கார்குழலியிடமே எரிந்து விழுந்தார். “வாரக் கணக்குல இழுக்கறீங்க. ஒரே அடியா அடிக்கத் தெரியாதவன்தான் தெனம் தெனம் கிள்ளிக்கினு இருப்பான்.”

“வைக்கலாம் தலைவரே. கட்டி செத்துடும். கூடவே கழுத்தும் வெந்துடும்.”

“யாரு சொன்னது?”

“பாரிஸ்ல நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆட்டுக்கிடாவ வச்சுப் பாத்தாங்க. விதைய எடுக்காம, கதிர் குடுத்தே மலடாக்க முடியுமான்னு. ஒரே தடவையா குடுத்தா தோலு வெந்துபோச்சு. அதையே பிரிச்சுப் பிரிச்சு பல நாளா குடுத்தாங்க. கிடா மலடாச்சு, தோலு தப்பிச்சுது.”

“அப்ப நான் கிடாவா?”

“கிடா எதிர்க்கேள்வி கேக்காம படுத்துச்சாம்.”

அமுதவல்லி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ராஜவேல் அவளை முறைத்தார்.

எதிர்க்கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது, கார்குழலிக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த இடமும் அதுதான். கதிர் சதையைச் சுடுவதில்லை. ஒவ்வோர் உயிரணுவுக்குள்ளும் அந்த அணு எப்படி நடக்க வேண்டும் என்பதை வைத்திருக்கும் நுண்ணிய இழை ஒன்று உண்டு. கதிர் அதைத்தான் அறுக்கிறது. நல்ல அணு, கெட்ட அணு என்று பார்க்காது, இரண்டிலும் அறுக்கும். அதற்குப் பிறகு நடப்பதில்தான் வித்தியாசம். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் அறுந்தால் ஒழுங்கான தறிக்காரன் தறியை நிறுத்துவான், நூலை முடிச்சுப் போட்டு முடிவான், பிறகுதான் ஓட்டுவான். நல்ல அணு அப்படி. சில மணி நேரம் வேலையை நிறுத்திவிட்டு, அறுந்ததைப் பெரும்பாலும் முடிந்துவிடும். புற்று அணுவுக்கு அவசரம். அறுந்த நூலோடு தறியை ஓட்டும், சரியாக முடியத் தெரியாமல் தாறுமாறாகப் பெருகப் பார்க்கும், அதிலேயே குலைந்து சாகும். ஒரு நாள் கணக்கில் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் கொஞ்சம்தான். அதே கொஞ்சம் தினமும் சேர்ந்தால், வாரக் கணக்கில், ஒன்று பிழைத்துக்கொள்ளும், மற்றது அழிந்துபோகும். ஒரே அடியாக அடித்தால் முடிவதற்கு யாருக்கும் நேரம் இருக்காது. இரண்டும் சாகும்.

கட்டியின் நடுவில் ரத்தம் எட்டாத இடத்தில் ஒளிந்திருக்கும் அணுக்களும் உண்டு. பிராணவாயு இல்லாத இடத்தில் கதிருக்குப் பாதி பலம்தான். வெளிச்சுற்று அணுக்கள் செத்து வழிவிட்டால் உள்ளே இருப்பவற்றுக்குக் காற்று எட்டும், அடுத்த தடவை அவையும் மாட்டும். பிரித்துக் கொடுப்பதில் இந்த லாபமும் இருக்கிறது.

ஆனால் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நாள் தவறக் கூடாது. சில வாரம் அடிபட்ட பிறகு மிச்சமிருக்கும் புற்று அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருக ஆரம்பிக்கும். அறுத்த கோரை மறுபடி கிளம்புவதுபோல. நடுவில் விடுகிற ஒவ்வொரு நாளும் அவற்றுக்குத்தான் ஆதாயம்.

அந்தச் சமயத்தில்தான் பந்த் வந்தது.

புதுச்சேரிக்காரர்களுக்கு பந்த் புதிதில்லை. முந்தின நாளே பால் வாங்கி வைத்துவிடுவார்கள். நோட்டீசின் அடியில் வழக்கமான ஒரு வரி இருக்கும்: பால், மருந்துக் கடை, ஆஸ்பத்திரிக்கு விலக்கு. ஆட்டோக் கட்டணத்துக்காக நடந்த அந்த வெள்ளிக்கிழமை பந்தின் நோட்டீசிலும் அந்த வரி இருந்தது. அதன் கீழே ராஜவேலின் பெயர் இருந்தது.

கார்குழலி விடிவதற்குள் ஸ்கூட்டரில் கிளம்பி ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். மெஷின் தயாராக இருந்தது. முகமூடியும் அலமாரியில் இருந்தது. ராஜவேல் மட்டும் வரவில்லை. காத்திருப்போர் கூடத்து டிவியில் வந்தார். அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால், கழுத்தில் துண்டோடு, கையை உயர்த்திக் கோஷம் போட்டுக்கொண்டிருந்தார். பேசக் கூடாது, முணுமுணுக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லி வைத்த தொண்டை.

வராதவரை போனில் கூப்பிட வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம்பர் திரையில் இருந்தது. கார்குழலி அதைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தலைவருக்குப் போட்டீங்களாக்கா?” என்றான் வினோத்குமார்.

“போட்டேன். எடுக்கல.”

திங்கட்கிழமையும் அவர் வரவில்லை. கலெக்டர் ஆபீசில் பேச்சுவார்த்தை. அன்றைக்கும் அவள் கூப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை குரல் சுத்தமாகப் போய், காற்று மட்டும் வருகிற தொண்டையோடு வந்து நின்றார். டாக்டர் பாக்கியலட்சுமி அவர் துண்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

“நாலு நாள் கேப். உங்களுக்கு மூளை இருக்குதா?”

“ரெண்டு நாள்தான்” என்றார் ராஜவேல். “சனி ஞாயிறு நீங்களே லீவு.”

“கட்டிக்கு எல்லாம் ஒண்ணுதான்.”

கார்குழலி கதவருகே நின்றிருந்தாள். சும்மா இருக்க அவளால் முடியவில்லை. “உங்க கட்டி பந்துக்கு வரல தலைவரே. நாலு நாளும் வேலைக்குப் போயிருக்குது. அது வூட்டுச் சுவத்துல போயி தார் அடிங்க.”

ராஜவேலின் முகம் கறுத்தது. “டாக்டர்! வரலன்னா போன் போடுவாங்கன்னு சொன்னீங்கள்ல? எனக்கு ஒரு போனும் வரல. கேளுங்க அவள. அப்பன் புத்தி எங்க போவும்?”

டாக்டர் கார்குழலியைப் பார்த்தார். “போட்டியா?”

“எடுக்கல மேடம்.”

ராஜவேல் தன் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். டாக்டர் அதைத் தொடவில்லை. கார்குழலி பக்கம் திரும்பி, “இனிமே நான் கேக்கற மாதிரி வச்சுக்காத” என்றார். அவ்வளவுதான். கார்குழலிக்குக் காது மடல் சுட்டது.

“சரி, வுட்டது வுட்டாச்சு” என்றார் ராஜவேல். “இன்னைக்கு உள்ளதோட மூணையும் சேத்து வச்சுடுங்க. மில்லுல ஷிப்டு வுட்டா டபுள் டூட்டி பாத்து ஈடு கட்டுவோம். அந்த மாதிரி.”

டாக்டர் சிரிக்கவில்லை. “டபுள் டூட்டி உண்டு. ஆனா உங்க மில்லு மாதிரி இல்ல. ஒரே நாள்ல ரெண்டு தடவ வைக்கலாம். நடுவுல ஆறு மணி நேரமாவது இடைவெளி வேணும். அந்த நேரத்துலதான் நல்ல சதை அறுந்தத முடிஞ்சுக்கும். அதுக்கு முன்னாடி வச்சா உங்க கழுத்துத் தோலு என் கையோட வரும்.”

கணக்குப் போட்டார். தவறியதில் ஒன்றை வருகிற சனிக்கிழமை வைப்பது. இன்னொன்றை அடுத்த வாரம், கடைசி வாரத்தில், வியாழக்கிழமை இரண்டு தடவையாக வைப்பது. “அந்த வியாழக்கிழமை வரலன்னா ரெண்டு போச்சு. அதுக்கப்புறம் ஈடு கட்ட எடமில்ல. இப்பவே நீட்டிட்டோம். இன்னும் நீட்டினா நான் ஆபரேஷனுக்குத் தேதி கேக்க வேண்டியதுதான்.”

“வருவேன்” என்றார் ராஜவேல்.

சனிக்கிழமை வந்தார். திங்கள், செவ்வாய், புதன் வந்தார். புதன் மாலை எல்லாக் கட்சியும் சேர்ந்து மறுநாள் பந்த் என்று அறிவித்தன. பாலத்தை மறிக்கும் பொறுப்பு ஆட்டோ சங்கத்துக்கு.

அன்றிரவு கார்குழலி சோற்றைத் தட்டோடு மூடி வைத்தாள். கோவிந்தசாமி கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு என்ன வியாதி என்று வீட்டில் பேசுவது அவள் வழக்கமில்லை, இவரைப் பற்றியும் பேசவில்லை. “பாலத்துல அந்தாளுதான் நிப்பான்” என்று அப்பா தானாகவே சொன்னார். “தொண்டை ஒரு மாதிரி ஆயிடுச்சு போல, டிவில காத்துதான் வருது.” சொல்லிவிட்டுச் சேனலை மாற்றினார்.

அந்தத் தொண்டை போனால் போகட்டும் என்று ஒரு மனசு சொன்னது. ஆனால் அவளுக்கு அதனிடம் ஒரு வேலை பாக்கி இருந்தது. அன்றைக்கு ஏன் விலக்குத் தரவில்லை என்று ஒருநாள் நேருக்கு நேர் கேட்க வேண்டும், அவர் வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும். கழுத்தில் ஓட்டை போட்ட மனிதனிடம் எதைக் கேட்பது? கேட்டால் ஊர் தன்னைத்தான் காறித் துப்பும். இதுதான் அவளை உறுத்தியது. அது அன்பு இல்லை என்பது அவளுக்கே நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை விடிந்ததும், ஆஸ்பத்திரிக்குள் கால் வைத்ததும், போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் எடுத்தார்கள். பின்னால் கோஷம் கேட்டது.

“தலைவரே, எட்டு மணிக்குள்ள இங்க இருக்கணும்.”

“ரோட்டுல நிக்கறேன்” என்றது காற்றுக் குரல்.

“போன பந்த் நோட்டீசுல ஆஸ்பத்திரிக்கு விலக்குன்னு நீங்களே போட்டிருக்கீங்க.”

“அது பேஷண்டுக்கு.”

“நீங்க இன்னா, மாப்பிள்ளையா?”

கோஷம் இன்னும் பக்கத்தில் கேட்டது.

“சொல்லிட்டு வர பயமா இருக்குதா? பக்கிரிகிட்ட?”

“எவனுக்கும் நான் பயந்ததில்ல.”

“எங்கம்மா பொணத்துக்கு முன்னாடி கையக் கட்டிக்கினு நின்னீங்களே, அப்ப பயப்படல. ஏன்னா உங்களுக்குப் பின்னாடி ஊரே நின்னுச்சு. இன்னைக்கு ஒத்தையா நின்னு ஒரு வார்த்த சொல்லணும், அவ்ளோதான். முடியலன்னா வுட்டுடுங்க. மெஷினுக்கு ஒண்ணும் நஷ்டமில்ல.”

போனை வைத்தாள். வினோத்குமார் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் காதில் விழாதவன்போல.

எட்டு மணிக்குச் சற்று முன்னால் அவர்கள் வந்தார்கள். அரியாங்குப்பத்திலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் மீனுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் வண்டியில், முன்சீட்டில் இருவரும் நெருக்கி உட்கார்ந்து. ராஜவேல் யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். அமுதவல்லி கார்குழலியின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“பக்கிரி வண்டிய மறிச்சிட்டாம்மா. ‘இன்னா தலைவரே, நாங்க வெயில்ல நிக்கறோம், நீங்க எங்க போறீங்க’ன்னான். இவரு ‘ஆஸ்பத்திரிக்கு’ன்னாரு. ‘இன்னா வியாதி’ன்னான். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. ‘புத்து’ன்னாரு. ஒரு பய நம்பல. ‘பந்துல நிக்காம நழுவறதுக்கு நல்ல சாக்கு, துண்ட எடுத்துக் காட்டு’ன்னான் அந்த நாயி.”

“காட்டினாரா?”

“எடுத்துட்டாரு. அவ்ளோ பேரு முன்னாடி. கழுத்தப் பாத்துட்டு எவனும் வாயே தொறக்கல. அந்தப் பக்கிரி மட்டும், ‘இத முன்னாடியே சொல்லியிருந்தா வேற தலைவரப் பாத்திருப்போம்ல’ன்னான்.” அமுதவல்லி மூக்கை உறிஞ்சினாள். “நீ போன்ல இன்னாதான் சொன்ன? வூட்டுல நான் கால்ல வுழுந்தும் அசையல அந்த மனுசன்.”

“ஒண்ணும் நல்லதா சொல்லல” என்றாள் கார்குழலி.

காலைக் கரண்டு வைத்து முடிந்தது. இனி ஆறு மணி நேரம். வீட்டுக்குப் போனால் பாலத்தை இன்னும் இரண்டு தடவை தாண்ட வேண்டும், பக்கிரியை இன்னும் இரண்டு தடவை பார்க்க வேண்டும். ராஜவேல் தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். அமுதவல்லி பிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சியை ஆற்றி ஆற்றிக் கொடுத்தாள். ஒவ்வொரு மிடறுக்கும் அவர் கண்ணை இறுக மூடித் திறந்தார். பந்த் நாள் என்பதால் ஆஸ்பத்திரியில் கூட்டமே இல்லை.

பகல் சாப்பாட்டுக்குக் கார்குழலி டிபன் பாக்சோடு வெளியே வந்தபோது அமுதவல்லி குழாயடியில் பிளாஸ்க் கழுவிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் அவர் மட்டும். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து பாக்சைத் திறந்தாள். சாப்பிடவில்லை.

“வெள்ளிக்கிழம நான் போன் போடல” என்றாள். “திங்கக்கிழமயும் போடல. வேணும்னேதான்.”

“தெரியும்.” அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நானா இருந்தாலும் போட்டிருக்க மாட்டேன்.”

“எங்கப்பாவுக்கு ஏன் விலக்குக் குடுக்கல?”

இவ்வளவு சட்டென்று வாயில் வந்துவிடும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. ராஜவேல் திரும்பி அவளைப் பார்த்தார். பேசுவதற்கு எச்சில் கூட்டினார். அதை விழுங்கவே அவருக்குச் சிரமமாக இருந்தது.

“அன்னிக்கு அவன் மட்டும் வரல. என் வூட்டு வாசல்ல ஒவ்வொருத்தனா வந்தான். ஒருத்தன் தங்கச்சி கல்யாணம்னான். ஒருத்தன் கொழந்தைக்கு ஜுரம்னான். எல்லாம் நெசம்தான். ஒருத்தனுக்குக் குடுத்திருந்தா மறுநாளே மில்லு ஓடியிருக்கும்.”

“ஓடாமயா இருந்துச்சு? கடைசில வேலைக்குத் திரும்பறோம்னு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க?”

“போட்டேன்.”

“அப்ப எங்கம்மா?”

“நான் செஞ்சது தப்பில்ல” என்றார் ராஜவேல். குரல் கிறீச்சென்று உடைந்தது. “இன்னைக்குக் கேட்டாலும் அப்படித்தான் செய்வேன். உங்கப்பன் உள்ள போனான், அதுக்கு ஒரு பேரு இருக்குது.”

“பொணம் தூக்க வராததுக்கு இன்னா பேரு?”

அவர் வாயைத் திறந்தார். மூடினார். தொண்டை வலித்ததா, சொல்ல ஒன்றும் இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அமுதவல்லி பிளாஸ்க்கை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள். இருவர் முகத்தையும் பார்த்துவிட்டுத் தூரத்து பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கார்குழலி டிபன் பாக்சை மூடிக்கொண்டு எழுந்தாள்.

இரண்டு மணி தாண்டியதும் வினோத்குமார் வந்தான். “ஆறு மணி நேரம் ஆயிடுச்சுக்கா. கூப்டுடலாமா?”

“இன்னும் கால் மணி இருக்கட்டும்.”

“ஆறுதான மேடம் சொன்னாங்க?”

“ஆறுக்குக் கொறையக் கூடாதுன்னு சொன்னாங்க. மேல போனா தப்பில்ல. கழுத்து ரொம்பச் செவந்திருக்குது, அறுந்தத முடிஞ்ச வரைக்கும் முடிஞ்சுக்கட்டும்.”

கால் மணி கழித்து அவரை உள்ளே கூட்டிப் போனாள். அவர் தானாகவே சட்டையைக் கழற்றினார், தானாகவே படுத்தார். கழுத்தில் தோல் வெடித்து, இரண்டு இடத்தில் ஈரமாக இருந்தது. முகமூடியை வைத்தாள். இத்தனை வாரக் கஞ்சியில் கன்னம் ஒட்டிப்போய், ஆரம்பத்தில் இறுக்கமாக இருந்த முகமூடி இப்போது ஓரத்தில் லேசாக இடைவெளி விட்டது. இந்த அளவுக்குப் பரவாயில்லை. கிளிப்புகளைப் பூட்டும்போது ஈரமான இடத்தில் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். அது அவளுடைய வேலை.

முகமூடியின் துளைகள் வழியாக அவர் கண்கள் அவளைப் பார்த்தன. அதில் மன்னிப்பும் இல்லை, நன்றியும் இல்லை. அவளும் எதையும் தேடவில்லை.

வெளியே வந்து கதவை மூடினாள். முதலில் ஒரு படம் எடுத்துக் காலையில் எடுத்த படத்தோடு பொருத்திப் பார்த்தாள். எலும்பு எலும்போடு பொருந்தியது, குரல்வளையின் நிழல் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவர் விழுங்கினார், நிழல் துள்ளி மேலே போய் இறங்கியது. விழுங்கும்போது கதிர் விட்டால் இலக்குத் தப்பும்.

மைக்கை அழுத்தினாள். “முழுங்காதீங்க.”

நிழல் ஒருமுறை நடுங்கியது. பிறகு அசையாமல் நின்றது. வலியோடு எச்சிலை வாயிலேயே தேக்கிக்கொண்டு அவர் படுத்திருப்பதை அவள் பார்த்தாள். பொத்தானை அழுத்தினாள். உள்ளே மெஷின் அவரைச் சுற்றித் திரும்ப ஆரம்பித்தது.

“நாளைக்கு வருவாராக்கா?” என்றான் வினோத்குமார்.

“வரலன்னா போன் போடுவேன்” என்றாள் கார்குழலி, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.